வெட்டி எடுத்த எட்டடி

அன்றைக்குத் திண்டிவனம் டெண்ட்டு சினிமாக் கொட்டகைக்குள் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். டெண்ட்டு முதலாளி; மெஷினை அன்று அவரேதான் ஓட்டினார். மெட்ராஸில் ஒரு ஸ்டூடியோவின் எடிட்டிங் பிரிவில் இருந்த அவருடைய மைத்துனர். கூட்டேரிப்பட்டுக்கு மேற்கே நாற்பது ஏக்கர் நிலம் வைத்திருந்த ஒரு பெரிய விவசாயி. அவருடைய மகன் ஏகாம்பரம். நாடகக் கம்பெனியில் நடித்துக்கொண்டிருந்த ராஜாமணி அம்மாள். அதே டெண்ட்டில் கயிறு கட்டி, படுதா இழுக்கிற வேலை பார்த்த சவரிமுத்து. ஏழாவது ஆள் நான். என் சட்டைப் பையில் எட்டடி பிலிம் சுருண்டு கிடந்தது. அது அங்கே இருப்பது அந்த நிமிஷம் வரை எனக்கு மட்டும்தான் தெரியும்.

வந்திருக்க வேண்டிய ஒருவர் வரவில்லை. சவரிமுத்துவின் அம்மா அந்தோணியம்மா. திரையில் வரப்போவதே அவர்தான். கூப்பிட்டதற்கு, "என்ன நானே எதுக்குடா போய்ப் பாக்கணும்?" என்று சொல்லிவிட்டாராம்.

எடிட்டிங் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் எல்லோரும் படித்துவிட்டு வந்தவர்கள். நான் நாலாம் கிளாஸோடு நின்றவன். யாரிடம் தொழில் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்கிறீர்கள். பெரிய பெயர் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. நான் கற்றுக்கொண்டது என்னோடு படித்த மூன்று பேர் எடுத்த மூன்று துண்டுப் படங்களிலிருந்து. மூன்றும் சேர்ந்து நாலு நிமிஷம்கூட ஓடாது.

இரண்டாவது உலகச் சண்டை ஆரம்பித்த பிறகு வந்த முதல் தை, மாசியில் நடந்தது இது. விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே ஒருவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். மெட்ராஸில் கேமரா உதவியாளராக இருந்துவிட்டு வந்தவர். கையால் சுற்றுகிற பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்து, சினிமாத் தொழில் கற்றுத்தரப்படும் என்று போர்டு மாட்டினார். சேர்ந்தது நாங்கள் நாலு பேர். அவருக்கு முகூர்த்த நாள் வந்துவிட்டால் கல்யாண ஆர்டர். அந்த வருஷம் முகூர்த்தங்கள் நிறைய. கேமராவில் பிலிம் மாட்டவும் கழற்றவும் காட்டிக்கொடுத்தார். கைப்பிடியை ஒரே சீராகச் சுற்ற மனசுக்குள் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொள்ளச் சொன்னார். அதற்குமேல் அவரைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. நாங்களாகப் பேசிக்கொண்டோம், நாங்களாகச் சண்டை போட்டுக்கொண்டோம்.

முதல் நாள் ஏகாம்பரம் பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் அப்பாவின் நிலத்தில் கூலி வேலை செய்கிற வீட்டுப் பிள்ளை சவரிமுத்து. அவன் தானாகவே தரையில் உட்கார்ந்தான். எனக்கு எங்கே உட்காருவது என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராஜாமணி அம்மாள் எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"கேமராவ நின்னுகினு தானே சுத்தப் போறீங்க மூணு பேரும்? அப்ப ஒக்காரவும் ஒண்ணா ஒக்காருங்க. இது நாடகக் கொட்டாய் இல்ல, தரை டிக்கெட்டு, பெஞ்சு டிக்கெட்டுன்னு பிரிக்க."

ஏகாம்பரம் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம்விட்டான். அவன் மோசமானவன் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

பயிற்சி முடிவில் ஆளுக்கு நூறடி பிலிம் என்று சார் சொல்லியிருந்தார். மெட்ராஸ் ஸ்டூடியோக்களில் மிச்சம் விழுகிற துண்டுகளை அடிக்கு இரண்டணா என்று வாங்கி வருவார். நூறடி என்றால் திரையில் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. எடுத்ததையெல்லாம் திண்டிவனம் டெண்ட்டில் போட்டுக் காட்டுவது, பிடித்திருந்தால் முதலாளியின் மைத்துனர் ஒருவரை மெட்ராஸுக்கு அழைத்துப்போவது என்று ஏற்பாடு. நாலு பேர், ஒரே இடம். சவரிமுத்துவுக்கு அந்த இடம் கிடைத்தால் அவன் வீட்டில் முதல்முறையாக மாதச் சம்பளம் வரும். எனக்குக் கிடைத்தால் ஜங்ஷனில் பார்சல் தூக்குகிற அப்பாவுக்கு இடுப்பு நிமிரும். ஏகாம்பரத்துக்கு அப்பாவிடமிருந்து தப்பிக்க வேண்டும். ராஜாமணி அம்மாளுக்கு அந்த இடம் வேண்டாம். "என்ன ஒரு படத்துல புடிச்சானுங்க, வெட்டிப் போட்டானுங்க. எதுக்கு வெட்டினானுங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்" என்றார்.

ஏகாம்பரம் ரயிலை எடுத்தான். ஜங்ஷனில் வண்டி உள்ளே வருகிறது, ஜனங்கள் ஓடுகிறார்கள். நூறடியையும் அதற்கே செலவழித்தான். வண்டி தூரத்தில் தெரிந்ததும் அவனுக்கு வேகம் பிறந்துவிட்டது. பாட்டு மறந்துபோய், கைப்பிடியை ராட்டினம் மாதிரி சுற்றினான். கேமராவை வேகமாகச் சுற்றினால் திரையில் மெதுவாக ஓடும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் நினைவில்லை. பிறகு போட்டுப் பார்த்தபோது, எக்ஸ்பிரஸ் வண்டி எருமை மாதிரி அசைந்து வந்தது. கூலிகள் தண்ணீருக்குள் நடப்பதுபோல நடந்தார்கள்.

"டேய், வண்டி நம்ம முண்டியம்பாக்கத்துலயே நின்னுடும் போல" என்றேன்.

"நீ எடுத்தியே பெருசா. ஒண்ணாவது கண்ணுல நிக்குதா?"

அது நிஜம். என் நூறடியில் இருபத்தேழு துண்டுகள் இருந்தன. கூடைக்காரி, குதிரை வண்டி, கோயில் கோபுரம், கோபுரத்தில் புறா. பிலிம் வீணாகிவிடும் என்ற பயத்தில் எதையும் நாலு அடிக்குமேல் சுற்றவில்லை. எந்தத் துண்டிலும் எதுவும் நடந்து முடியவில்லை. புறா பறக்கப்போகும், அதற்குள் நிறுத்தியிருப்பேன். ஏகாம்பரத்தின் ஆசையும் என் பயமும் கை வழியாக அப்படியே பிலிமில் ஏறிவிட்டன.

ராஜாமணி அம்மாள் ஒரு கடிதத்தை எடுத்தார். ஒரு பெண் கடிதத்தை வாங்குகிறாள், படிக்காமல் மடித்து அடுப்பில் வைக்கிறாள். அவ்வளவுதான். பிலிம் மாட்டாமல் பதினோரு தடவை நடித்துப் பார்த்தார். என்னைத்தான் சுற்றச் சொன்னார். பன்னிரண்டாவது தடவை பிலிம் மாட்டி ஒரே மூச்சில் எடுத்து, நாற்பது அடியில் போதும் என்று கையைக் காட்டினார்.

"இன்னும் அறுபது அடி இருக்குதும்மா" என்றேன்.

"இருக்கட்டும். அவ அந்தக் கடுதாசியக் கொளுத்திட்டா. அதுக்கப்புறம் அவ அழுவறத எதுக்குக் காட்டணும்? பாக்கறவங்களுக்கும் கொஞ்சம் வேல வையி."

மிச்ச அறுபது அடியை இருட்டறையில் கழற்றி, ஒரு டப்பாவில் போட்டுவைத்தார். அந்த டப்பாதான் பிறகு எல்லாவற்றையும் மாற்றியது.

சவரிமுத்து களத்தில் கூலி அளப்பதை எடுத்தான். ஏகாம்பரம்தான் அவன் அப்பாவிடம், "போட்டோ புடிக்கக் கத்துக்கிறான்பா" என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொடுத்தான். அறுவடைக் கூலி அப்போதெல்லாம் நெல்லாகத்தான். காரியஸ்தர் மரக்காலில் அளந்து ஒவ்வொருத்தர் முறத்திலும் கொட்டுவார். நானோ ஏகாம்பரமோ எடுத்திருந்தால் மரக்காலையும் நெல்லையும் எடுத்திருப்போம். அவன் வரிசையில் நிற்பவர்களின் முகங்களை எடுத்தான். மரக்கால் நிரம்பும்போது அத்தனை கண்களும் அதோடு மேலே வந்து, கொட்டும்போது கீழே போயின. கடைசியில் அவன் அம்மா மூன்று மரக்கால் வாங்கி, மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு களத்தைவிட்டு நடக்கிறார். அதை நின்று நிதானமாக எடுத்தேன் என்று சொன்னான்.

அந்தக் கடைசியை யாரும் பார்க்கவே இல்லை. காரணம் நான்.

எடுத்த பிலிமைக் கழுவுவதற்கு மெட்ராஸ் கொண்டுபோகிற வேலையை சார் என்னிடம் கொடுத்தார். கவலைக்காரன் பத்திரமாகக் கொண்டுபோவான் என்று நினைத்தார். கவலைப்படுகிறவனிடம் எதையும் கொடுக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியவில்லை. அலமாரியில் ஐந்து டப்பாக்கள். எடுத்தது நாலு, ராஜாமணி அம்மாளின் எடுக்காத அறுபது அடி ஒன்று. பசை விட்டு இரண்டு டப்பாக்களின் சீட்டு உதிர்ந்திருந்தது. எது எது என்று சாரைக் கேட்கலாம் என்றால், அவர் கள்ளக்குறிச்சிப் பக்கம் கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஐந்தையும் பையில் போட்டுக்கொண்டு வண்டி ஏறினேன்.

மயிலம் தாண்டுகிறவரை பொறுத்துக்கொண்டேன். சீட்டில்லாத இரண்டில் ஒன்று சவரிமுத்துவுடையது, மற்றொன்று காலிப் பிலிம். மாற்றிக் கொடுத்துவிட்டால்? லேபில் காலிப் பிலிமைக் கழுவிவிட்டு, எடுத்ததை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால்? சார் மறுபடி அதைக் கேமராவில் மாட்டிவிட்டால்? திண்டிவனம் வந்தபோது வேர்த்துக் கொட்டியது. கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, சட்டையைக் கழற்றி டப்பாவைச் சுற்றி, சட்டைக்குள் கையைவிட்டு மூடியைத் திறந்தேன். விரலால் தடவிச் சுருள் எவ்வளவு பெரிது என்று பார்ப்பதுதான் திட்டம். அந்தச் சட்டை நாலு இடத்தில் கிழிந்திருந்தது. மேலே ஜன்னல் வேறு திறந்திருந்தது.

இரண்டு டப்பாவையும் ஒரு கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பார்த்திருந்தாலே போதும். நூறடியும் அறுபதடியும் ஒரே கனம் இருக்காது. சந்தேகம் வந்தால் முதலில் வெளியிலிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும் என்று பாருங்கள். திறப்பது கடைசி வேலை.

லேபிலிருந்து வந்த சுருளில், சவரிமுத்துவின் முதல் அறுபது அடி நன்றாக இருந்தது. கடைசி நாற்பது அடி வெறும் வெளுப்பு. எடுத்து முடித்த சுருளில் கடைசியாக எடுத்ததுதான் மேல் சுற்று. வெளிச்சம் அங்கேதான் முதலில் நுழையும். லேபில் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். பிலிம் கெட்டுவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு நாள் அதையேதான் ஒத்திகை பார்த்தேன். மூன்றாம் நாள் சவரிமுத்து, "லேபுல யாரு கெடுத்தாங்கன்னு கேட்டுடாத கோபாலு, பாவம், யாருக்காவது வேல போயிடப் போவுது" என்றான். அதற்குமேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவன் முதலில் கேட்டது இதைத்தான்.

"நூறடியும் போச்சா?"

"நாப்பது. கடைசி நாப்பது."

"எங்கம்மா நடந்து போறது."

"ஆமாடா."

ஏகாம்பரம்தான் கத்தினான். "ஏன்டா, கக்கூஸ்ல ஒக்காந்துகினு பிலிம் டப்பா தொறக்கறவன் இந்த ஒலகத்துல உண்டா? இவன்கிட்ட புள்ளையக் குடுத்தா, மூச்சு உடுதான்னு வயித்த அறுத்துப் பாப்பான்டா!"

ராஜாமணி அம்மாள் சிரிக்கவில்லை. அறுபது அடி டப்பாவைச் சவரிமுத்துவின் முன்னால் வைத்தார். "அழுவறத எடுக்காம மிச்சம் வெச்சது. எடுத்துக்கோ."

"களம்லாம் முடிஞ்சுபோச்சும்மா. இனிமே எத எடுக்கறது?"

"அத நீதான்டா சொல்லணும்."

நாலு நாள் அவன் ஒன்றும் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள், ஏகாம்பரத்தின் அப்பா நிலத்திலேயே பிந்தி நட்ட ஒரு வயலின் அறுப்பு முடிந்து அம்மா கூலி நெல்லோடு வந்திருக்கிறார் என்று சொல்லிக் கேமராவை வாங்கிக்கொண்டு போனான். காலை வெயிலில், வீட்டு வாசலில் எடுத்து முடித்துவிட்டு வந்தான். என்ன எடுத்தாய் என்று கேட்டதற்கு, "அளந்ததுக்கப்புறம்" என்று மட்டும் சொன்னான். இந்த முறை டப்பாவை அவனே மெட்ராஸுக்கு எடுத்துப்போனான். நான் தொடவில்லை.

அவன் எடுத்தது என்ன என்பதை, பழையதையும் புதியதையும் ஒட்டித்தர உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். எங்களில் ஒட்டுவேலை எனக்குத்தான் சுத்தமாக வரும். அன்று மாலை டெண்ட்டில் காட்ட வேண்டும். காலையில் ஸ்டூடியோ ஜன்னலோரம் பிலிமைத் தூக்கிப் பிடித்து, லென்ஸ் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன்.

அந்தோணியம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து வந்த எந்தத் தானியத்தையும் தன் படியால் மறுபடி அளக்காமல் பானையில் கொட்டமாட்டார். அளக்க அளக்கச் சுவரில் கரியால் ஒரு கோடு. களத்தில் கொடுத்தது மூன்று மரக்கால். எங்கள் பக்கத்தில் மரக்காலுக்கு நாலு படி, மொத்தம் பன்னிரண்டு. படத்தில் முதலில் படி வருகிறது. அதன்மேல் சர்க்கார் முத்திரை. பிறகு கோடுகள்: எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டாவது படியில் நெல்லைக் கொட்டிவிட்டு, மேலே தலை தட்டுவதற்காக அந்தோணியம்மா உள்ளங்கையை ஓட்டுகிறார். தட்டுவதற்கு அங்கே நெல் இல்லை. பாதிப் படிதான் இருந்தது. கை வெறும் காற்றில் போகிறது. அந்தக் கையை அவர் அப்படியே ஒரு கணம் பார்க்கிறார். பன்னிரண்டாவது கோட்டைப் பாதியோடு நிறுத்துகிறார்.

அந்தக் கை, அந்தப் பாதிக் கோடு, இரண்டும் சேர்ந்து எட்டடி.

ஏகாம்பரத்தின் அப்பா அன்று மாலை வருகிறார் என்று எனக்குத் தெரியும். மகன் ரயிலைப் பிடித்திருக்கிறானாமே, பார்க்க வேண்டும் என்று வில்வண்டி கட்டிக்கொண்டு வருகிறார். மரக்கால் அவருடையது. அந்தோணியம்மாவுக்கு வேலை அவர் நிலத்தில். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபோது, சவரிமுத்துவின் நன்மைக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. பெரியவர் கோபித்துக்கொண்டு எழுந்தால் காட்சியே நின்றுவிடும், முதலாளியின் மைத்துனரான மெட்ராஸ்காரர் என் படத்தைப் பார்க்காமலே போய்விடுவார் என்பது மீதிப் பாதி. எட்டடியை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு, வெட்டிய இடத்தை ஒட்டினேன். தெரியவே தெரியாத ஒட்டு.

டப்பா திறந்தது கைத்தவறு. இது நான் உட்கார்ந்து, யோசித்துச் செய்தது.

மாலை விளக்கு வைக்கிற நேரம். முதல் ஆட்டத்துக்கு டிக்கெட் கொடுக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. பெரியவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். மற்ற மூன்று படங்களும் ஓடின. ரயிலைப் பார்த்துப் பெரியவர் மட்டும், "நல்லா இருக்குதே, நின்னு நிதானமா வருதே" என்று பாராட்டினார். அடுத்தது சவரிமுத்துவுடையது. மெஷின் பக்கத்தில் அவன் சுருளை ஒரு வெள்ளைத் துணியால் பிடித்து, இரண்டு கைகளையும் அகல விரித்து அளந்துகொண்டிருந்தான். டெண்ட்டுக் கயிறு அளக்கிற பழக்கம். அவனுக்குக் கைவிரி ஒன்று, அதாவது ஒரு பாகம், ஆறடி; பிசகாது.

"கோபாலு, இங்க வா."

போனேன்.

"லேபு சீட்டு ரெண்டையும் கூட்டினா, மாட்டறதுல வீணானது போவ நூத்திப் பதினாறு அடி வருது. பத்தொம்போது பாகமும் சொச்சமும் இருக்கணும். பதினெட்டு தான் இருக்குது."

"ஒட்டுல போயிருக்கும்டா."

"ஒட்டுல விரக்கட போவும். ஒண்ணர ஆளு ஒசரம் போவுமா?"

ராஜாமணி அம்மாள் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, சட்டப் பையில எட்டிப் பாக்குதே, அது இன்னா, வெத்தலையா?"

எடுத்துக் கொடுத்தேன். சவரிமுத்து அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"ஆண்டை பாத்தா எங்கம்மாவுக்கு வேல போவும்னு வெட்டினியா?"

"ஆமாடா. உனக்காகத்தான்..."

"நான் எங்கம்மாகிட்ட கேட்டுக்கினு தான்டா எடுத்தேன். இத காட்டினா இன்னா ஆவும்னு சொன்னேன். 'தெனம் தெனம் நான் பாக்கறத அவங்க ஒரு நா பாக்கட்டும்'னாங்க. நீ யாருகிட்ட கேட்ட?"

ஏகாம்பரம் வந்து பிலிமை வாங்கிப் பார்த்தான். அவன் முகம் என்னவோ ஆயிற்று. திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுதாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். அவன் அப்பாவிடம் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். ஒரு பீடி எரிகிற நேரம் ஆயிற்று. திரும்பி வந்தான்.

"ஜல்தி ஒட்டுடா. மொதலாளி கத்துறாரு."

அவ்வளவுதான் சொன்னான்.

மெஷின் பெட்டியின் மேலேயே வைத்து ஒட்டினேன். காலையில் போட்ட ஒட்டை வெட்டி, இரண்டு பக்கமும் பிலிம் மேலுள்ள மருந்துப் பூச்சைச் சுரண்டி, பசை தடவி அழுத்த வேண்டும். இரண்டு இடத்தில். முதலாளி, "இன்னாப்பா பேஜாரு இது, டிக்கெட்டுக்கு ஜனம் வந்துட்டுது" என்று கத்திக்கொண்டே இருந்தார். அந்த அவசரத்திலும் ஒட்டு சுத்தமாக விழுந்தது. இனிமேல் மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, அதனாலாக இருக்கலாம்.

படம் ஓடியது. களத்தில் முகங்கள் மேலும் கீழும் போயின. பெரியவர், "அட, நம்ம காரியஸ்தன்" என்று சிரித்தார். வீட்டு வாசல் வந்தது. படி, முத்திரை, கோடுகள். பன்னிரண்டாவது படியில் கை காற்றில் போனது. வெள்ளைத் திரை வந்தது.

"அந்தப் பொம்பள பெரிய படி வெச்சிருப்பா" என்றார் பெரியவர், பொதுவாக.

முதலாளி அவசரமாக, "சினிமா தானேங்க, வெளையாட்டுக்கு எடுத்தது" என்றார்.

மெஷின் பக்கத்திலிருந்து சவரிமுத்து சொன்னான்: "முத்திரப் படிங்க ஆண்டை. தாலுக்கா கச்சேரியில முத்திர போட்டது."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மகனைப் பார்த்து, "வூட்டுக்கு வா" என்றார். ஏகாம்பரம், "நீங்க போங்கப்பா, வர்றேன்" என்றான். வில்வண்டி மணிச்சத்தம் ரோட்டில் போய் மறைகிறவரை அவன் பெஞ்சைவிட்டு அசையவில்லை.

மெட்ராஸ்காரர் சுருளைக் கையில் வாங்கி, விளக்கில் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"ஒட்டு எங்கேன்னு தேடிப் பாத்தேன், சட்டுனு கெடைக்கல. யாரு ஒட்டினது?"

சவரிமுத்து என்னைக் காட்டினான். "இவன் தாங்க."

"படம் எடுத்தது?"

"நான் தாங்க."

அவனை நெடுநேரம் பார்த்தார். "நல்லா எடுத்திருக்கே. ஆனா எங்களுக்கு இப்போ ஒட்டற ஆளுதான் வேணும்." அது நிஜமா, பெரியவரை நினைத்துச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த ஒட்டு எதற்காகப் போடப்பட்டது என்று அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார். சரிங்க என்றேன். என்னுடைய இந்த முப்பத்தைந்து வருஷ வேலை அங்கே ஆரம்பித்தது.

அந்த வருஷம், வேர்க்கடலை என்று நீங்கள் சொல்கிற மல்லாட்டை விதைப்புக்கு அந்தோணியம்மாவைக் கூப்பிடவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. மயிலம் பக்கம் நடந்து போய் வேலை செய்தார். ஆனால் பெரியவரின் களத்துக்குப் புது மரக்கால் ஒன்று வந்தது, முத்திரையோடு. மற்றவர்களுக்கு அதில் அளந்தார்கள். இதை ஏகாம்பரம் சொல்லித்தான் தெரியும்.

சவரிமுத்து டெண்ட்டிலேயே இருந்து மெஷின் ஆபரேட்டரானான். நான் வெட்டி ஒட்டிய படங்களையெல்லாம் அவன் ஓட்டினான். அவ்வப்போது கார்டு வரும். "மூணாவது ரீலில் அந்த ஆள் கதவைத் தொடுவதற்குள் வெட்டிவிட்டாய். என்ன பயம்?" என்று இருக்கும். பெரும்பாலும் அவன் சொன்னது சரி. இப்போதும் ஒரு துண்டை எடுத்தெறிய வேண்டும் என்று கை போகும்போது, இதை எடுத்தவனைக் கேட்டேனா என்று பார்த்துக்கொள்கிறேன். உங்கள் கத்தரிக்கோலில் எத்தனையோ பேருடைய ஒரு நாள் உழைப்பு முழுசாகச் சிக்கும். படம் நீளம் என்றால் வெட்டுங்கள், அலுப்பென்றால் வெட்டுங்கள். உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்பதற்காக வெட்டாதீர்கள்.

மெட்ராஸுக்கு வண்டி ஏறிய அன்று அவன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். கெட்டுப்போன பிலிமுக்குப் பணம் தந்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அடிக்கு இரண்டணா, நாற்பது அடிக்கு ஐந்து ரூபாய் என்று கணக்குச் சொன்னான். முதல் சம்பளத்தில் ஆறு ரூபாய் மணியார்டர் செய்தேன். ஒரு ரூபாய் திரும்பி வந்தது. கூடவே ஒரு கார்டு: "நாற்பது அடி கை தவறிப் போனது. அதற்கு வாங்கிக்கொண்டேன். எட்டடி நீ வெட்டியது. அதற்கு வாங்க மாட்டேன்."

பிறகு இரண்டு தடவை நேரில் நீட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டான். எட்டடி, அடிக்கு இரண்டணா வீதம். பாக்கி ஒரு ரூபாய்.